திருவண்ணாமலைக்குப் போகாத டீசல் வண்டி

எனக்குப் பிடித்தது பெட்ரோல் வண்டி. வாங்கியது டீசல் வண்டி. ஏன் என்று கேட்பவர்களிடம் இன்றைக்கும் மைலேஜ் என்று சொல்லிவிடுகிறேன். அது பொய்.

பாகூரில் வீடு. பன்னிரண்டாவதோடு படிப்பு நின்றது. கிருமாம்பாக்கத்தில் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை. நெல்லும் கரும்பும் அண்ணன் பொறுப்பு. நான் நாலு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு வராதவன். எனக்கு ஒரு கார் மேல் மட்டும் வெகுநாள் ஆசை இருந்தது. பார்க்கச் சின்னக் கார். தெருவுக்கு ஒன்று நிற்குமே, அந்த மாதிரிதான் இருக்கும். மிதித்தால்தான் தெரியும், முதுகை சீட்டோடு அழுத்திவிடும். யாரும் திரும்பிப் பார்க்காமல் வேகமாகப் போகலாம். கூச்சக்காரனுக்கென்றே செய்த கார் என்று நினைத்துக்கொள்வேன். புதிதாக இப்போது வருவதில்லை, பழையதுதான் தேட வேண்டும். பெட்ரோலில் ஒன்று, டீசலில் ஒன்று என்று இரண்டு வகை.

பெட்ரோல் வகை எங்கள் ஊர் காலனியிலேயே இருந்தது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுடைய வண்டி. அவன் அப்பா, அம்மா இரண்டு பேரும் எங்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள். அவன் ஐடிஐ படித்து, புதுச்சேரியில் ஒரு சர்வீஸ் சென்டரில் மெக்கானிக் ஆனான். தனியாக இருக்கும்போது என்னை டா போட்டுத்தான் கூப்பிடுவான். அண்ணன் பக்கத்தில் நின்றால் எதுவுமே போட்டுக் கூப்பிட மாட்டான். அது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துவிடுவேன்.

அம்மாவையும் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு வேளாங்கண்ணி போகப் பெரிய வண்டி வேண்டும் என்று அவன் அதை விற்க நினைத்தான். முதலில் என்னிடம்தான் சொன்னான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. என்னையே ஓட்டச் சொன்னான். ஏரிக்கரை ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்தேன். எனக்கு என்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"பார்ரா! உனக்குப் பல்லெல்லாம் இருக்குதா? இத்தினி வருசமா நான் பாத்ததே இல்லடா!" என்றான்.

திரும்பி வந்து, அவன் தெருக்கோடியில் மாதா சிலை வைத்த கெபிக்கு முன்னால் வண்டியைத் திருப்பி நிறுத்தினேன். நல்ல அகலமான இடம். ஒரே திருப்பில் திரும்பியது.

"இன்னா சொல்ற? வெளில யாருக்கும் சொல்லல. நீ சரின்னா சாவி உனக்குத்தான்."

"வூட்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

சாயங்காலம் அண்ணன் கரும்புத் தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"யாரு வூட்டு வண்டி?" என்றார்.

சொன்னேன். "ம்" என்று துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. மற்றதெல்லாம் என் மண்டைக்குள் நடந்தது. டீக்கடையில் இன்னார் ஓட்டிய வண்டியை இன்னார் வாங்கியிருக்கிறான் என்று பேசுவார்கள், அண்ணன் காதுக்குப் போகும், வீட்டுப் பிள்ளைகள் கல்யாணப் பேச்சு, கோயில் காரியம் என்று எங்காவது கொண்டுபோய் விடும். ஊரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் சொல்லாததையெல்லாம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் அவனிடம் போய், "டீசலே பாக்கலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "டேய், நீ போறது இந்தா இருக்கிற கிருமாம்பாக்கம். போயிட்டு வந்தா பத்து கிலோமீட்டரு. டீசல் என்ஜின் சூடாவறதுக்குள்ள கம்பெனி வாசல் வந்துடும். உள்ள கரி அடைச்சுப்பூடும். உனக்குப் பெட்ரோல்தாண்டா சரி."

அவன் சொன்னது அத்தனையும் நியாயம். பதில் வேண்டுமே. வாயில் வந்ததைச் சொன்னேன். "இல்லப்பா, வூட்டுக்காரிக்கு வேண்டுதல். இனிமே மாசாமாசம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போவணும். லாங்கு. டீசல்தான் கட்டும்."

மனைவியையும் இழுத்தேன், சாமியையும் இழுத்தேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. "சாமி காரியமா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? அப்ப டீசல்தான் எடுக்கணும். நீயா போயி ஏமாந்துடாத, நான் வரேன்."

அதோடு விட்டிருந்தால் தாங்கியிருப்பேன். லீவு போட்டுக்கொண்டு வந்தான். வில்லியனூரில் பழைய வண்டி விற்கும் ஒரு இடத்தில் அதே கார், டீசலில் நின்றது. அவன் முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தான்.

"சூடா இருக்குதே. நாங்க வரதுக்கு முன்ன ஸ்டார்ட் பண்ணீங்களாண்ணா?"

"சும்மா நவுத்தி வெச்சோம்பா" என்றார் விற்பவர்.

"ஆறட்டும். ஆறுன என்ஜின்தான் உண்மையச் சொல்லும்."

ஒன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். எனக்காக அவன் காத்திருந்தான். ஒரு தரம் மனசு வந்து, "உன் வண்டி..." என்று ஆரம்பித்தேன். "அது போவும்டா, நீ கவலப்படாத" என்று என் முதுகில் தட்டினான். பிறகு எழுந்து போய், ஆறிய வண்டியைக் கிளப்பச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டான். புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்தான். கீழே படுத்து எழுந்ததில் சட்டை முதுகெல்லாம் மண். "எடுக்கலாம்" என்றான்.

வண்டிக்குப் பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று அவனை நான் கூப்பிடவில்லை.

அவன் வண்டி கொஞ்ச நாளில் கடலூருக்குப் போய்விட்டது. அது தெரிந்து ஒருநாள் சாப்பிடும்போது அண்ணன் கேட்டார். "உன் கூட்டாளி வண்டிய வித்துட்டானாமே. நல்லா வெச்சிருந்தான். நீ ஏன் எடுக்கல?"

"நீதானண்ணா..."

"நான் இன்னா சொன்னேன்? யாரு வூட்டு வண்டின்னு கேட்டேன். கேக்கக்கூடாதா?"

அவர் நடித்தாரா, நிஜமாகத்தான் கேட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனால் அதுவரைக்கும் பழியைப் போட எனக்கு ஒரு ஆள் இருந்தார். அன்றைக்கு அந்த ஆளும் போய்விட்டார்.

ஒரு வருஷம் போயிருக்கும். வண்டியில் மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது, இழுவை போய்விட்டது. வேறு மெக்கானிக்கிடம் போயிருக்கலாம். கை பழக்கமாக அவனுக்கே போன் போட்டது. ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு மெயின் ரோட்டுக்கு வந்தான். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். கிலோமீட்டர் எண் வெளிச்சமாக வந்து நின்றது.

வாங்கிய அன்று அந்த எண்ணை அவன்தான் சத்தமாகப் படித்தான், அறுபத்திரண்டாயிரம் என்று. இப்போது அறுபத்தைந்து. தினமும் கம்பெனிக்குப் போய் வந்த கணக்குக்கே அது சரியாக இருந்தது. திருவண்ணாமலைக்கு ஒரு தடவைகூட அதில் இடமில்லை.

அவன் அதைப் பார்த்தான். நான் வெளியே கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்தேன்.

"கரி அடைச்சிருக்குது. நல்லா மிதிச்சு ஓட்டுனா கொஞ்சம் போவும். வா" என்றான்.

கடலூர் ரோட்டில் அவன் ஓட்டினான். பின்னால் கறுப்பாகப் புகை போனது. தென்பெண்ணைப் பாலத்தில்தான் எனக்கு வாய் திறந்தது.

"திருவண்ணாமலைக்கு... நாங்க போவவே இல்ல."

"மீட்டரு சொல்லுதே."

"நான் அன்னிக்கு..."

"வுடு." ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என் வண்டிய எடுத்துட்டுப் போனாரே கடலூர்க்காரரு, அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. ஏசி நல்லா வேலை செய்யுதான்னு."

பாலம் தாண்டித் திருப்பிக்கொண்டு வந்தோம். விளக்கு அணைந்துவிட்டது. இழுவை திரும்பியிருந்தது. காலனி முனையில் ஓரம் கட்டி இறங்கினான். நான் டிரைவர் சீட்டுக்கு மாறிக்கொண்டு, "உக்காரு, வூடு வரைக்கும் கொண்டாந்து வுடறேன்" என்றேன்.

"வேணாம்பா. உள்ள வந்தா வண்டி திருப்ப எடம் இருக்காது. உனக்கு எதுக்குச் சிரமம்?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வெள்ளைச் சட்டை தெருவுக்குள் போய்க் கெபி வரைக்கும் தெரிந்தது. அந்த இடத்தில் ஒரே திருப்பில் வண்டியைத் திருப்பியவன் நான்.