வலை என்று சொன்னேன்

சும்மா உட்காரச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். பாகூர் கடைத்தெருவில் இருபது வருடமாக வளையல் கடை வைத்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாடுகூட நின்றபடிதான். அப்படிப்பட்டவளை என் மகள் சென்னையில் ஒரு சொகுசுக் கப்பலில் ஏற்றிவிட்டாள். மூன்று நாள் பயணம், அதில் நடு நாள் முழுக்கக் கடல்தான். போனில் சிக்னல் கிடையாது. கடையில் விட்டுவந்த பெண் நேரத்துக்குத் திறந்தாளோ இல்லையோ என்று மேல்தளத்துக்கும் அறைக்குமாகக் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் வீராம்பட்டினத்துக்காரர். கல்யாணத்துக்கு முன் எட்டு வருடம் ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போனவர். "கடலு எனக்கு இன்னா புதுசா? நீ போய்ப் பாரு" என்று ஏசி அறையில் போர்த்திப் படுத்துவிட்டார்.

பதினொரு மணி இருக்கும். மேல்தளத்துக் கம்பியோரம் ஒரு கூட்டம் நின்று டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். கப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபைபர் போட், அதில் மூன்று பேர். ஒருவன் துடுப்பில் லுங்கியைக் கட்டி ஆட்டினான். இன்னொருவன் ஒரு கேனைத் தலைக்கு மேலே கவிழ்த்துப் பிடித்திருந்தான். என் பக்கத்தில் கோயம்புத்தூர் அம்மா ஒருவர் அதைப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உதவி கேக்கறாங்களோ? யாருகிட்டயாச்சும் சொல்லட்டுங்களா?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் நடக்கவே ஆரம்பித்துவிட்டார்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. வலை போட்டிருப்பாங்க. கப்பலு வலை மேல ஏறிடப் போவுதுன்னு வெலகிப் போவ சொல்றாங்க. எங்க வூட்டுக்காரரு கடலுக்குப் போனவரு, எனக்குத் தெரியாதா?" என்று அந்தப் பக்கம் கைநீட்டிக் காட்டி விளக்கினேன். பெரிய கப்பல் வந்தால் துணியை ஆட்டி விலக்குவோம் என்று அவர்தான் எப்போதோ சொல்லியிருந்தார். அந்த அம்மா நின்றுவிட்டார். சுற்றியிருந்த நாலைந்து பேர் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையைச் சொல்லத்தான் அறைக்குப் போனேன். அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேன் என்றதும் எழுந்து உட்கார்ந்தார்.

"கேன எப்பிடிப் புடிச்சான்?"

"கவுத்துப் புடிச்சான்."

"தண்ணி தீந்துபோச்சுடி அவனுங்களுக்கு. வலைக்குக் கேன எதுக்குடி தூக்கிக் காட்டுறான்?"

செருப்புகூடப் போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வரவேற்பு மேசையிலிருந்த பெண் சிரித்த முகமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். இவர் தமிழிலும் கையாலும் கேனைக் கவிழ்த்துக் காட்டினார். அவள் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து நீட்டினாள். அவளை அறையலாம் போல இருந்தது. அறை வாங்க வேண்டியவள் நான்தான் என்பதும் தெரிந்தே இருந்தது.

மேலே ஓடினேன். கடலில் போட் இல்லை. கோயம்புத்தூர் அம்மாவைச் சாப்பாட்டு வரிசையில் கண்டுபிடித்தேன். "நான் சொன்னது தப்பும்மா. அவங்க உசுருக்குப் போராடுறாங்க" என்றேன். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார். வெள்ளைச் சட்டை அதிகாரி ஒருவரிடம் இங்கிலீஷில் படபடவென்று பேசிப் படத்தைக் காட்டினார். அதிகாரி கேனைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தார். பிறகு போனையே வாங்கிக்கொண்டு மேலே போனார்.

கொஞ்ச நேரத்தில் கப்பல் திரும்பியது. ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டார்கள். மாலை நிகழ்ச்சி தள்ளிப் போகிறதே என்று ஒருவர் சலித்துக்கொண்டார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தேன். அரைமணி, முக்கால்மணி, ஒருமணி. அலை நுரைத்த இடமெல்லாம் போட் போலத் தெரிந்தது. கிடைக்காவிட்டால் அந்த மூன்று உயிரும் என் வாயால் போனதுதான். வீராம்பட்டினத்துச் செங்கழுநீர் அம்மனிடம் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் தள்ளிப் போய் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

போட்டை முதலில் கண்டவர் அவர்தான். கப்பலை நிறுத்திக் கயிற்றேணி இறக்கி மூன்று பேரையும் ஏற்றினார்கள். கடலுக்குப் போனவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் அவர்களுக்குத் தெம்பாக இருக்கும் என்று மருத்துவ அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

கடலூர்ப் பக்கத்துப் பையன்கள். உதடு வெடித்து, முகம் கறுத்துக் கிடந்தார்கள். எஞ்சின் நின்று அஞ்சு நாள், தண்ணீர் தீர்ந்து ஒன்றரை நாள். கேனைத் தூக்கிப் பிடித்திருந்தவன் தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்துவிட்டு என்னையே பார்த்தான்.

"கப்பலு கிட்ட வந்தப்போ பச்சப் பொடவ கட்டிக்கினு ஒரு அம்மா எங்களக் காட்டிக் காட்டி எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாங்க. நீங்கதானம்மா அது?"

என் வீட்டுக்காரர் அடுத்தவனுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை நின்றது.

"ஆமாம்பா, நான்தான்" என்றேன்.

அவன் படுத்தபடியே இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டான். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.