மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த சாஃப்ட்வேர்

என் தங்கச்சி வீட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் பென்சில் என்பார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. நான் மட்டும் மாப்பிள்ளை என்பேன், அதுவும் கோபம் இல்லாத நாளில். நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டியவன். எங்கள் சின்னப் பட்டறையில், உலோகத்தை வெட்டி ஓட்டை போடும் மில்லிங் மெஷினில் இரும்பைப் பிடித்துக் கட்டுவது, கட்டர் மாற்றுவது, ஓட்டுவது என் வேலை. கம்ப்யூட்டரில் படம் வரைந்து, கட்டர் எந்த வழியில் போக வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லிவைப்பது அவர் வேலை. அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்ததே கிடையாது.

உடம்புதான் ஒல்லி, வாய் அப்படி இல்லை. ஓட்டை மயிரிழை தள்ளிப்போனால் போதும். "மச்சான், இத எலி கடிச்சுதா, நீங்க ஓட்டினீங்களா?" என்பார். நானும் விடமாட்டேன். "படமே கோணல், மெஷின் என்ன பண்ணும்?" வருஷக்கணக்கில் இப்படியே ஓடியது. சோறு போட்டது.

முதலில் அவருடைய வலது கை போனது. பேனா நழுவியது, அப்புறம் டம்ளர் நழுவியது. நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் நோய் என்றார் டாக்டர். மருந்து என்னவென்று கேட்டேன். அப்படி ஒன்று இன்னும் வரவில்லை என்றார்.

அந்த நேரம் பார்த்து எங்கள் சாஃப்ட்வேரின் வருஷ வாடகையை ஏற்றிவிட்டார்கள். கட்டாவிட்டால் நாம் வரைந்த படமே நமக்குத் திறக்காது. மலிவாக வேறு பார்க்க வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரு கணக்கு இருந்தது. ஒற்றைக் கையால் ஓட்டுகிற மாதிரி ஒன்று கிடைத்துவிட்டால் மாப்பிள்ளை பட்டறையை விட்டுப் போக வேண்டியதில்லை.

இலவசமாகக் கிடைத்த ஒன்றை முதலில் பார்த்தோம். அது எழுதிக் கொடுத்த கட்டளை எங்கள் பழைய மெஷினுக்குப் பிடிபடவில்லை. கட்டர் இரும்பைத் தொடாமல் காற்றை வெட்டிக்கொண்டிருந்தது. "ஓசியில வந்தது, அப்படியே போகட்டும்" என்றார் மாப்பிள்ளை.

பிறகு விற்பனைக்காரர் ஒருவர் லேப்டாப்பில் இரண்டு கொண்டுவந்தார். இரண்டும் ஒரு முறை காசு கொடுத்தால் நமக்கே சொந்தம், எங்களால் முடிகிற விலைதான். ஒன்றில் மவுஸைத் தொடாமல், கீபோர்டில் தட்டியே எல்லாம் வரையலாம். இடது கை போதும். இன்னொன்று பெரிய பெரிய படமாகக் காட்டி, எந்தக் கட்டர், எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். முன்னே ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டு, "பால்குடி மறக்காத பிள்ளைங்களுக்கு" என்று சிரித்தவர் மாப்பிள்ளை.

"அந்தத் தட்டுறதையே குடுங்க" என்று நான் முந்திக்கொண்டேன்.

"படம் காட்டுறத குடுங்க தம்பி" என்றார் மாப்பிள்ளை.

விற்பனைக்காரர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார்.

"என்ன மாப்ள, கிண்டலா? அது உங்களுக்கு எதுக்கு?"

"எனக்கு இல்ல மச்சான். உங்களுக்கு."

"எனக்கு எதுக்கு? உங்க இடது கை கல்லாட்டம் இருக்குல்ல?"

மேசையில் ஒரு சின்ன நட்டு கிடந்தது. இடது கை விரல்களை அதன்மேல் வைத்து எடுக்கப் பார்த்தார். நட்டு நகர்ந்ததே தவிர மேலே வரவில்லை.

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"சட்டைப் பட்டன் போட்டுவிடறதே அவதான். தெரியாம இருக்குமா?"

எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. தினமும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவன் நான். விற்பனைக்காரர் திரும்பி வந்து முடிவைக் கேட்டார். "அவர் சொன்னதுதான்" என்றேன்.

அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஸ்டூலில் அவர். "மெதுவா மச்சான், அது ஸ்பேனர் இல்ல, முறுக்காதீங்க." இருவரும் சிரித்தோம். சில வாரங்களில் அவரால் பட்டறைப் படி ஏற முடியாமல் போனது.

நானே தனியாக வரைந்து வெட்டிய முதல் தகட்டை அவர் வீட்டுக்கு எடுத்துப்போய் முகத்துக்கு நேரே பிடித்தேன். வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு மச்சான்" என்றார். பட்டறைக்கு வந்து அளந்தால், ஒரு ஓட்டை நகக்கனம் தள்ளியிருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிகிற தப்பு. மறுநாள் ஆத்திரத்தோடு போனேன்.

"கண்ணும் போச்சா? ஏன் சொல்லல?"

"பாத்தேன்." பேச்சு குழறியது. "சொன்னா நாளைக்கும் எங்கிட்டத்தான் தூக்கிட்டு வருவீங்க."

தங்கச்சி அவர் வாயைத் துடைத்துவிட்டாள். "அண்ணே, நீ போனதுலேர்ந்து அந்த ஓட்டையப் பத்தியேதான் புலம்பிட்டிருக்காரு" என்றாள். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தகட்டைப் புதிதாக வரைந்து வெட்டினேன். நானே அளந்தேன், சரியாக வந்தது. யாரிடமும் காட்டாமல் கட்டி அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு போய் அவர் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.