விசா வரும் முன்னே மொட்டை

மனு குடுத்துட்டுப் பதிலுக்குக் காத்துக் கிடந்தவங்க யாரா இருந்தாலும் நீங்க நம்ம கட்சி. எனக்கு அந்தக் காத்திருப்புதான் பிழைப்பே. வெளிநாட்டுல முதலீடு போட்டுக் குடும்பத்தோட குடியேற நினைக்கிறவங்களுக்குக் கோவில்பட்டியில மனு தயார் செஞ்சு குடுக்குதேன். இங்க சொல்றது ஒரே ஒரு ஃபைலோட கதை.

பந்தியில

எங்க ஊர்த் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அண்ணாச்சி, ஐரோப்பாவுல ஒரு கம்பெனியில பணம் போட்டு, தனக்கும் மனைவிக்கும் மக பிரியாவுக்கும் சேர்த்து மனுப் போட்டாரு. ஒரு வருஷத்துல முடிஞ்சிரும்னு நான் சொன்னேன். ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. பிரியாவுக்கு இருபத்தொரு வயசு முடிஞ்சா மனுவில இருந்து அவ பேரை எடுத்துருவாங்க. அதுக்கு இன்னும் நாலே மாசம்.

அண்ணாச்சியைத் தூரத்துல பார்த்தாலே சந்து தேடுவேன். ஆனா ஒரு கல்யாண வீட்டுல பக்கத்து இலையில மாட்டிக்கிட்டேன். குனிஞ்சு மெதுவாக் கேட்டாரு:

"ரசம் ஊத்திக்கோ தாயி. வந்துருச்சா?"

பரிசீலனையில் உள்ளது

தினமும் காலையில கம்ப்யூட்டர்ல மனுவோட நிலையைப் பார்த்தா இந்த ஒரே வரிதான். அண்ணாச்சி வீட்டம்மாவுக்குப் புதூர்ப் பக்கம், கரிசக்காட்டு விவசாயக் குடும்பம். ஒரு நாள் என் ஆபீஸுக்கு வந்து அந்த வரியையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டு இருந்தாக.

"மழை வரலைன்னா வானத்தையாவது பாக்கலாம். இதுக்கு எங்கன பாக்க?"

அட்வான்ஸ்

விசா வந்தா மொட்டை போடுறேன்னு கழுகுமலை முருகனுக்கு நேர்ந்திருந்தாரு அண்ணாச்சி. வந்த பிறகுதானே போடணும்? அவரு யாபாரி. முன்பணம் குடுத்தாத்தான் சரக்கு நகரும்னு, முடியையும் தன்னோட பெரிய மீசையையும் முன்கூட்டியே எடுத்துட்டு வந்து நின்னாரு.

மூணாம் நாள் கடிதம் வந்துது: செவ்வாய்க்கிழமை சென்னையில கைரேகையும் போட்டோவும் எடுக்கணும். ஃபைல்ல இருக்கிற முகம் வேற, எதிர்ல நிக்கிற முகம் வேற! "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"ன்னு சத்தம் போட்டேன். மனுசன் தலையைத் தடவிக்கிட்டே சொன்னாரு:

"முருகனுக்கு என் முகம் தெரியும் தாயி. அந்த நாட்டுக்காரனுக்குத் தெரியாதுன்னு யோசிக்கலையே!"

கவுண்டர்

துணைக்கு நானும் சென்னைக்குப் போனேன். விசா ஆபீஸ் கவுண்டர்ல இருந்த பொண்ணு பாஸ்போர்ட்டைப் பார்த்துது, மொட்டையைப் பார்த்துது, எந்திரிச்சு உள்ள போயிருச்சு. பத்து நிமிஷம். பிரியா என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் ஒண்ணு உடைஞ்சுது.

அந்தப் பொண்ணு திரும்பி வந்து, கைரேகையை எடுத்துக்கிட்டு, கேமராவைத் திருப்புச்சு. முகத்துல லேசாச் சிரிப்பு.

"எங்கப்பாவும் இப்படித்தான் சார், வருஷத்துக்கு ஒரு மொட்டை. நேராப் பாருங்க."

மூணு பேரு

பிரியா பிறந்தநாளுக்குப் பத்தொன்பது நாள் இருக்கையில அனுமதி வந்துது. அப்பாடா! என் கண்ணை என்னாலேயே நம்ப முடியலை. போன் பண்ணி மூணு பேரையும் வாசிச்சேன். அண்ணாச்சி கையில இருந்து வீட்டம்மா போனை வாங்கினாக. அழுதுக்கிட்டே கேட்டாக:

"எம் பிள்ளை பேரை மட்டும் இன்னொருக்கா வாசி தாயி."

சொந்த ஊர்க்காரங்க ஊரைவிட்டுப் போற சேதியைச் சொல்லிட்டு, இப்படி விம்மி விம்மிச் சந்தோஷப்படுற பிழைப்பு உலகத்துல எனக்கு மட்டுந்தான் வாய்ச்சிருக்கும்.