செஞ்சிக் கல்

அண்ணன் மஞ்சள் காமாலையில் போன பிறகு அவனுடைய ரிக்‌ஷா என்னிடம் வந்தது. மேல்மூடியின் பின்பக்கம் அவன் வரைய வைத்த மயில் அப்படியே இருந்தது. வண்டியோடு அவன் கதைகளும் வந்தன.

தினமும் நெல்லித்தோப்பிலிருந்து கிளம்பிப் போய், ஊர் பார்க்க வருகிறவர்களை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டு, பிரெஞ்சுக்காரன் கட்டின தெருக்களைச் சுற்றிக் காட்டுவான். நாங்கள் இரண்டு பேருமே ஐந்தாவது தாண்டவில்லை. ஆனாலும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அவனிடம் ஒரு கதை இருந்தது.

பழைய லைட்ஹவுஸ் வந்தால், "ஒரு தொரையோட பொண்டாட்டி கோச்சிக்கினு கப்பலேறிட்டா. திரும்பி வர வழி தெரியணுமேன்னு அந்தாளு வெளக்கு கட்னான்" என்பான். சர்ச்சுக்குப் பக்கத்தில் வாளோடு நிற்கிற பெண் சிலையைக் காட்டி, "மாமியாருக்குப் பயப்படாத ஒரே மருமவ இவதான்" என்பான். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். சாப்பிடும்போது எனக்கு எல்லாவற்றையும் நடித்துக் காட்டுவான்.

அவன் சட்டைகளை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். போட்டோ எதுவும் இல்லை. கதைகள்தான் மிச்சம். ஒரு வார்த்தை மாறினாலும் அவன் இன்னும் கொஞ்சம் குறைந்துபோவான் என்று பயந்தேன். அதனால் அவன் சொன்னபடியே, அவன் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பத்தில் சாமி பார்த்துவிட்டு ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். வயல்வேலை செய்கிற கைகள். அந்த அக்கா மயிலைப் பார்த்ததும் நேராக என் வண்டியில் ஏறினாள். கடற்கரையில் வேறொரு சிலையைச் சுற்றி நிற்கிற உயரமான கல்தூண்களிடம் நிறுத்தினேன்.

"இதெல்லாம் பிரான்சுலேர்ந்து கப்பல்ல வந்த கல்லு. பாரம் தாங்காம கப்பலு ஒருக்களிச்சே வந்துச்சாம்."

அவர் தோள்துண்டை உதறினார். "எங்க ஊர்க் கல்ல எந்தக் கப்பல்ல ஏத்துன தம்பி?"

"எந்த ஊருண்ணே?"

"செஞ்சி. கோட்டையில இருந்த தூணு. பிரெஞ்சுக்காரன் பேத்தாந்து இங்க நட்டான். எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவன்கூட சொல்லுவான்."

அக்கா விடவில்லை. "போன வருசம் இந்த வண்டி ஓட்ன புள்ள சரியா சொல்லுச்சே. செஞ்சின்னு சொன்னதும், 'அப்ப ஒங்க ஊட்டு சாமான் இங்க கெடக்குது, வந்து பாருங்க'ன்னு கூட்டியாந்துச்சு. 'மலக் காத்து கேக்குதா பாருக்கா'ன்னு தூண்ல காத வெக்கச் சொல்லுச்சு."

"இவளும் வெச்சிக்கினு நின்னா. ஊரே வேடிக்க பாத்துது."

"நீ மட்டும் வெக்கலியா? அந்தப் புள்ளயுந்தான் வெச்சிது." அவள் என் பக்கம் திரும்பினாள். "அது எங்க தம்பி? வேற வண்டி வாங்கிடுச்சா?"

கேட்கிறவர்களுக்கெல்லாம் அம்மாதான் பதில் சொல்வாள். என் வாயால் நான் யாரிடமும் சொன்னதில்லை.

"எங்கண்ணன்க்கா. செத்துட்டான்."

அவள் இறங்கிப் போய் ஒரு தூணில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் இந்த முறை கேலி செய்யவில்லை.

எனக்குக் கோபம்தான் வந்தது. இந்தக் கதையை ஏன் அவன் என்னிடம் சொல்லவில்லை? இன்னும் எத்தனை இப்படி யார் யாரிடமோ கிடக்கிறது? பஸ் ஸ்டாண்டுக்கு மிதித்துக்கொண்டு போகும்போது மெதுவாகத்தான் விளங்கியது. அவன் ஆளைப் பார்த்துத்தான் கதை சொல்லியிருக்கிறான். செஞ்சிக்காரர்களுக்குச் செஞ்சி. எனக்குச் சின்ன வயதிலிருந்து கப்பல் பைத்தியம். சாராயக்கடை வாசலில் அப்பாவுக்காகக் காத்திருக்கும்போதெல்லாம் மண்ணில் கப்பல்தான் வரைவேன். அதனால் எனக்குக் கப்பல். அதைப் போய் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு கடற்கரைக்கே திரும்பினேன். அண்ணன் காது வைத்தது எந்தத் தூணில் என்று கேட்க மறந்திருந்தேன். ஓரத்தில் இருந்ததிலிருந்து ஆரம்பித்தேன். வெயில் ஏறின கல் காதைச் சுட்டது.

சுண்டல் விற்கிறவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னாடா, கல்லு எதுனா சொல்லுதா?"

"இன்னும் இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த தூணுக்குப் போனேன்.