காலி மேய்ச்சல் நிலம்

அந்த டெக்சஸ் கவுண்டிக்குள் நுழைந்த முதல் நாளே ஒரு பிக்கப் டிரக் என் பின்னால் வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது.

சோலார் பண்ணைகளுக்கு நிலம் அளக்கும் சர்வேயராக இருந்தேன். நான் குடியிருந்த ரவுண்ட் ராக்கிலிருந்து இரண்டரை மணி நேர டிரைவ். வழியில் இருந்த சிற்றூர்களில் பாதி பூட்டிக் கிடந்தன.

நில ஓனர் கேட்டில் காத்திருந்தார். “வெறும் மேய்ச்சல் நிலம், முன்னாடி இங்க எதுவும் இருந்ததில்ல” என்றார். நான் அதைப் பற்றி அவரிடம் கேட்கவே இல்லை.

நிலத்தின் நடுவில் சீடர் என்ற தேவதாரு வகை மரங்கள் ஒரே வரிசையில் நின்றன. அடியில் ஆள் நீளத்துக்குத் தரை அங்கங்கே இறங்கியிருந்தது. எனக்கு வேலை தந்த சோலார் கம்பெனியின் மேனேஜர் செந்திலுக்கு போன் செய்தேன்.

“மழைத்தண்ணி அரிச்சிருக்கும் சார். நிலத்தோட டைட்டில் ரிப்போர்ட் கிளியரா இருக்கு. அளந்துட்டு வந்துடுங்க.”

“எல்லாக் குழியும் கிழக்கு மேற்கா, கிறிஸ்தவக் கல்லறை மாதிரி இருக்கு செந்தில். எனக்கு சரியா படல.”

“வெள்ளிக்கிழமை டிசைன் சப்மிட் பண்ணணும் சார்.”

திரும்பினால் அந்த டிரக் கேட்டை மறித்து நின்றது. இறங்கியவர் எழுபது வயதிருக்கும் ஒரு கறுப்பினப் பெண்மணி. ஓனர் அனுப்பிய ஆள் என்றுதான் நினைத்தேன்.

“யாருக்காக அளக்கறீங்க?”

சொன்னேன். அடிமைத்தனம் ஒழிந்தபின் அவருடைய முன்னோர்கள் அங்கே ஓர் ஊரே அமைத்திருந்தார்களாம். சர்ச், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம். கல்லறைக் கற்களைப் பின்னாளில் யாரோ பிடுங்கிவிட்டார்களாம்.

“உங்கள மாதிரி ரெண்டு பேர் வந்து எழுதிட்டுப் போனாங்க. மேப்புல ஒண்ணும் வரல.”

மறுநாள் கவுண்டியின் பத்திரப் பதிவகத்துக்கு, அடக்கமானவர்களின் பெயர்கள் எழுதிய சர்ச்சின் பழைய நோட்டை அவர் கொண்டுவந்தார். என் கையில் தரவில்லை. அவரே பக்கம் புரட்ட, நான் போட்டோ எடுத்தேன். பழைய பத்திரம் ஒன்றில் ‘கல்லறைக்கான இரண்டு ஏக்கர் நீங்கலாக’ என்ற வரி கிடைத்தது. பிந்தைய பத்திரங்களில் அந்த வரி காணாமல் போயிருந்தது.

முப்பத்தோரு குழிகளையும் அளந்து, எல்லை போட்டு, மேப்பில் என் சீல் குத்தி, பதிவகத்தில் பதியக் கொடுத்தேன்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்” என்றார் செந்தில். கம்பெனி அந்த இடத்தை விட்டுவிட்டு, சோலார் பேனல்களை விலக்கி அமைத்தது. அதன்பின் அவர் எனக்கு வேலை தரவில்லை.

அந்த அம்மாவுக்கு மேப்பின் நகல் ஒன்று கொடுத்தேன். அவர் நன்றி சொல்லவில்லை. நேராகப் பதிவகத்துக்குப் போய், அது பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் கை கொடுத்தார்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உங்களைச் சந்தேகப்படுகிறவரிடம் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் சரிபார்க்க ஒரு நகல் கொடுங்கள்.