சாம்பல் போட்டுத் துலக்கிய கார்

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷம். எனக்கு எட்டு வயதிருக்கும். என் அத்தையைப் பெண் பார்க்கச் சேலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காரில் வந்தார்கள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்குள் கார் நுழைந்தது அதுவே முதல் தடவை. மாப்பிள்ளையின் தகப்பனாருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் பருத்தி மண்டி. இறங்கியதும் அவர் செய்த முதல் காரியம், கதவில் படிந்த புழுதியைத் தம் மேல்துண்டால் தட்டியதுதான். எங்கள் அப்பா கும்பிட்ட கையோடு நிற்பதை அதற்கப்புறம்தான் கவனித்தார்.

அத்தைக்கு அதற்கு முன்பே இரண்டு இடம் பார்த்துத் தட்டிப்போயிருந்தது. இதுவாவது அமைய வேண்டுமே என்று வீடே தவித்துக்கொண்டிருந்தது. அத்தை தலைகுனிந்து வந்து நின்றாள், போனாள். மாப்பிள்ளையின் கால்விரல்களைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்று பிறகு அம்மாவிடம் சொன்னாளாம். விருந்து முடிந்ததும் பெரியவர் கூடத்தில் பாயை விரித்துப் படுத்துவிட்டார். எழுந்த பிறகு பதில் சொல்வதாக ஏற்பாடு.

வந்தவர்களுக்கு நானும் ஏதாவது உபகாரம் செய்ய வேண்டும் போலிருந்தது. வேப்பமரத்தடியில் கார் செம்புழுதி அப்பி நின்றது. அம்மா பித்தளைக் குடத்தைத் துலக்குகிற மாதிரி துலக்கினால் எப்படி மின்னும்! தேங்காய் நார் கையில் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் அத்தையின் ஜாதகமே மாறியிருக்கும். கந்தல் துணியை நனைத்து, அடுப்புச் சாம்பலைத் தொட்டு, எஞ்சினுக்கு மேலிருந்த கறுப்பு மூடியைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். தண்ணீர் விட்டபோது நன்றாகத்தான் இருந்தது. ஈரம் காய்ந்ததும், கிளை இடுக்கில் வெயில் விழுந்த இடமெல்லாம் வட்டம் வட்டமாகக் கீறல்கள், சிலந்தி வலை கட்டினாற்போல.

எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வட்டங்கள் கூடினவே தவிர குறையவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை!

குனிந்து பார்த்தார். என் கையிலிருந்த சாம்பலையும் பார்த்தார்.

“எங்கப்பா பார்த்தாருன்னா இப்பவே வண்டியேறிருவாரு” என்றார்.

நான் ஓவென்று ஆரம்பித்துவிட்டேன்.

“அழுவாத சாமி. அவரு எந்திரிக்கறதுக்குள்ள அழிச்சுப்புடலாம். நல்லா நைஞ்சுபோன நூல் சேலை ஒண்ணு கொண்டா.”

ஓடிப்போய் அத்தையிடம்தான் கேட்டேன். கேட்ட வேகத்தில் விஷயத்தையும் உளறிவிட்டேன். அத்தையின் முகம் வெளுத்தது. பெட்டியிலிருந்து பழஞ்சேலையை உருவிக்கொண்டு, கொல்லைப்புறமாக அவளே வந்துவிட்டாள். பெண் பார்த்த அன்றே பெண் தானாக வந்து மாப்பிள்ளை எதிரில் நிற்பதாவது! அதையெல்லாம் யோசிக்க அன்றைக்கு அவகாசமில்லை.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒரு மண் துகள்கூட இல்லாமல் மூடியை அலசினார். சீட்டுக்கு அடியிலிருந்து பாலீஷ் டப்பாவை எடுத்தார். சேலையைக் கிழித்து, நாலாக மடித்து, பாலீஷைக் கொஞ்சமாகத் தடவி அத்தையிடம் ஒன்றைக் கொடுத்தார். அத்தையின் கையும் வட்டமிடத்தான் போயிற்று.

“சுத்தித் தேய்க்காதீங்க. நேரா, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இழுங்க. அமுக்கவும் வேண்டாம்.”

“ஏனுங்க, இது போயிருமுங்களா?”

“பொறுமையாத் தேச்சா போயிருமுங்க.”

நான் காவல். கூடத்தில் குறட்டை கேட்கிறதா என்று ஓடி ஓடிப் பார்த்துவந்தேன். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கறுப்பு இன்னும் கொஞ்சம் தெளிந்திருந்தது. கடைசியில் கிணற்றுத் தண்ணீர் போல அதில் முகம் தெரிந்தது. அத்தை நிமிரவே இல்லை. மூடிக்குள் தெரிந்த அவர் முகத்தைப் பார்த்தபடியே தேய்த்தாள். அவரும் அப்படியேதான். கீறலை எவ்வளவு அக்கறையாகத் தேடுகிறார்கள் என்று எனக்கு ஒரே நன்றியாக இருந்தது.

குறட்டை நின்றது. அத்தை கொல்லைப்பக்கம் ஓடி மறைந்தாள். பெரியவர் வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினார். மூடியருகில் நின்றார்.

“ஏண்டா, முன்னாடி மட்டும் கண்ணாடியாட்டம் இருக்குது?”

“பொண்ணூட்டுல தொடச்சு உட்டாங்கப்பா.”

பெரியவரின் முகம் மலர்ந்தது. அப்பாவின் பக்கம் திரும்பி, “பொறுப்பான ஊடுதானுங்க. எங்களுக்குச் சம்மதம்” என்றார். அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கும்பிட்டுவைத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். கீறல் இன்னும் மிச்சமிருக்கிறதாம். அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். கல்யாணம் வரைக்கும் இப்படியே நடந்தது. அவர் ஒரு பக்கமும் அத்தை ஒரு பக்கமுமாக நின்று தேய்த்தார்கள். அம்மா மோர் கொடுத்தனுப்பினாள். என் கைவேலை இவ்வளவு பேரைப் படுத்துகிறதே என்று நான் உருகிப்போனேன். வெயிலில் நின்று பார்த்தேன், சாய்ந்து பார்த்தேன், மூடியோடு கன்னத்தை ஒட்டிவைத்தும் பார்த்தேன். ஒரு வட்டம்கூடத் தென்படவில்லை. இரண்டு பேருக்குத் தெரிவது எனக்குத் தெரியவில்லையென்றால் கோளாறு என் கண்ணில்தான் இருக்க வேண்டும். எனக்குக் கண் மங்கிவிட்டது என்று அம்மாவிடம் போய் அழுதேன்.

அம்மா சிரித்த சிரிப்பில் மோர்ச் சொம்பு கவிழ்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எனக்குந்தான் ஒண்ணும் தெரியல சாமி” என்றாள்.

பாவம், அம்மாவுக்கும் பார்வை சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.