கேடிஎம் புகை போன இடம்

கோயம்புத்தூர் செல்வபுரத்தில் நஞ்சுண்டனின் நகைப் பட்டறை இருக்கிறது. அங்கே இருதயம்மாள் இருபத்து மூன்று வருடம் சங்கிலி பற்றவைத்தார். கடுகளவு வளையங்களைக் கோத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு துணுக்கு உலோகத்தை வைத்து, கேஸ் டார்ச்சின் தீ நுனியால் தொட்டும் தொடாமலும் எடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் வளையமே உருகிவிடும். கண் கூர்மையும் கை நிதானமும் உள்ளவர்களுக்குத்தான் அந்த மேசை. இருதயம்மாளுக்கு இரண்டும் இருந்தன. கூடவே வாயும் இருந்தது என்று பட்டறையில் சொல்வார்கள். அதற்குச் சம்பளத்தில் எதுவும் சேர்த்துத் தரவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த 1999இல் ஊரெங்கும் கேடிஎம் நகைக்குத்தான் மவுசு. கல்யாணப் பெண்ணின் அப்பா கடைக்குள் ஏறியதும் முதலில் கேட்பது, கேடிஎம் தானே என்பதைத்தான். ஏதோ பெரிய இடத்து முத்திரை என்று எண்ணிக்கொண்டார்கள். காட்மியம் என்ற உலோகத்தின் பெயரைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள் என்பது கேட்டவர்களுக்குத் தெரியாது. விற்றவர்களும் சொல்லவில்லை. பழைய முறையில் ஒட்டுவதற்குச் செம்பும் வெள்ளியும் கலந்தார்கள். அவை நகையிலேயே தங்கிப் பொன்னின் மாற்றைக் குறைத்தன. காட்மியம் அவ்வளவு நாகரிகமில்லாதது அல்ல. ஒட்டுகிற வேலையை முடித்துவிட்டு, சூட்டில் ஆவியாகி, விருந்தாளி மாதிரி கிளம்பிவிடும். நகை சுத்தம். கிளம்பியது எங்கே போகிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. அது போகும் வழியில், மேசைக்கு ஓரடி மேலே, இருதயம்மாளின் மூக்கு இருந்தது.

அப்புறம் காட்மியம் கெடுதல் என்ற பேச்சு கிளம்பியது. நஞ்சுண்டன் உடனே நடவடிக்கை எடுத்தார். வாசலில் இருந்த போர்டை மாற்றினார். 'காட்மியம் இல்லாத நகை' என்று புது போர்டு வந்தது, பச்சை எழுத்தில், ஓரத்தில் ஒரு இலையோடு. உள்ளே அவசர ஆர்டருக்கும் பழைய சங்கிலி ரிப்பேருக்கும் காட்மியம் ஒட்டு வைத்திருந்த அதே பழைய டப்பா தொடர்ந்தது. கேட்டால் கொஞ்சம்தான் என்பார். அவர் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம்தான்.

2019இல் இருதயம்மாளுக்கு முதல் சிறுநீரகக் கல் வந்தது. வாழைத்தண்டுச் சாறு குடித்தார், கல் போய்விட்டது. வலி போகவில்லை, இடுப்பிலிருந்து விலா எலும்புக்குக் குடியேறியது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. அடுத்த நான்கு வருடத்தில் நான்கு டாக்டர்களைப் பார்த்தார். முதலாமவர் வயது என்றார். இரண்டாமவர் எடையைக் குறைக்கச் சொன்னார். அப்போது இருதயம்மாளின் எடை நாற்பத்து நான்கு கிலோ. மூன்றாமவர் ரத்தசோகை என்று சரியாகக் கண்டுபிடித்து, கீரை சாப்பிடச் சொல்லி அனுப்பினார். நான்காமவர் மனக்கவலை என்று முடிவு செய்து, மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று விசாரித்தார்.

இடையில் நஞ்சுண்டன் பட்டறையிலேயே ஒரு மருத்துவ முகாம் நடத்தினார். பேனரில் அவருடைய படம் பெரிதாகவும், இலவசம் என்ற சொல் அதைவிடப் பெரிதாகவும் இருந்தன. சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை முக்கிப் பார்த்தார்கள். நிறம் மாறவில்லை. பதினான்கு தொழிலாளிகளும் நார்மல். அந்தத் தாளை நஞ்சுண்டன் கண்ணாடிச் சட்டம் போட்டு, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

2023 தை மாதம் இரண்டாவது கல் வந்தது. இந்த முறை மகள் ஃபெமினா விடவில்லை. அவள் பீளமேட்டில் ஒரு ஐடி ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஆபீசுக்குப் பக்கத்திலேயே இருந்த சிறுநீரக டாக்டர் லோகப்பிரியாவிடம் அம்மாவைக் கூட்டிப்போனாள். டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பழைய சீட்டுகளை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"என்ன வேலை பாக்கறீங்கம்மா?"

நான்கு வருடம், நான்கு டாக்டர்கள், ஒரு முகாம். அத்தனை பேரும் கேட்காமல் மிச்சம் வைத்திருந்த கேள்வி அது. இருதயம்மாள் டார்ச்சிலிருந்து டப்பா வரை எல்லாவற்றையும் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டை அதே மேசையில் வைத்துச் சாப்பிடுவதையும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

சிறுநீரும் ரத்தமும் வெளியூர் லேபுக்குப் போயின. பத்து நாளில் முடிவு வந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். காட்மியம் மூச்சிலும் சாப்பாட்டிலும் உள்ளே போகும். ரத்தசோகை உள்ள உடம்பு இரும்புச் சத்து என்று நினைத்து அதை இன்னும் ஆசையாக இழுத்துக்கொள்ளும். கடைசியில் சிறுநீரகத்தில் போய்த் தங்கும். அங்கே ரத்தத்தை வடிகட்டிய பிறகு, உடம்புக்கு வேண்டியதைத் திருப்பி எடுக்கும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. காட்மியம் அவற்றைத்தான் கெடுக்கும். சின்னச் சின்னப் புரதங்களும் சுண்ணாம்புச் சத்தும் ஒழுக ஆரம்பிக்கும். கல் வருவதும் எலும்பு வலிப்பதும் அதனால்தான். முகாமில் முக்கிப் பார்த்த காகிதப் பட்டை பெரிய புரதத்தை மட்டுமே காட்டும், இந்தச் சின்னப் புரதம் அதன் கண்ணில் படாது. ஆகவே அந்த நார்மல், தேடாத இடத்தில் எதுவும் இல்லை என்பதற்கான சான்றிதழ்.

இருதயம்மாளின் சிறுநீரில் காட்மியம் மூன்று புள்ளி ஒன்று மைக்ரோகிராம் இருந்தது. தொழிலாளிகளுக்கு ரொம்ப நாளாகச் சொல்லிவரும் எல்லை ஐந்து. எல்லைக்குள்தான் இருந்தார். ஆனால் ஒழுகும் புரதம், இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு. குறைந்த அளவிலேயே பாதிப்பு தொடங்குவதாக நிறைய ஆய்வுகள் சொல்வதாகவும், எல்லை என்பது மனிதர்கள் எழுதிய எண், சிறுநீரகம் அதைப் படித்துவிட்டு வேலை செய்வதில்லை என்றும் டாக்டர் சொன்னார். காட்மியத்தை வெளியே எடுக்க நம்பத் தகுந்த மருந்து கிடையாது. புகையை நிறுத்த வேண்டும், ரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும், இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும். சேர்ந்ததில் பாதி தானாகக் குறையப் பத்து வருடமும் ஆகலாம், முப்பதும் ஆகலாம். இருதயம்மாளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு. முப்பது வருடம் கழித்து எண்பத்திரண்டு வயதில் பாதி சுத்தமாகிவிடலாம் என்று வீட்டுக்கு வரும் வழியில் மகளிடம் சொன்னார். ஃபெமினா சிரிக்கவில்லை.

மறுநாள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மாடியில் இருந்த முதலாளியின் ஏசி அறைக்குப் போனார். நஞ்சுண்டன் சிகரெட்டை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"லிமிட்டு அஞ்சுங்க. உங்களுக்கு மூணு. பாஸாயிட்டீங்க அம்மணி."

அதோடு, ஊர்த் தண்ணியிலும் அரிசியிலும்கூட இது இருக்கிறதாம் என்றார். மற்றவர்களிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இருதயம்மாள் தலையாட்டிவிட்டுக் கீழே வந்து, அன்று மத்தியானமே பக்கத்து மேசை ஹபீபுன்னிசாவிடம் சொன்னார். ஹபீபுன்னிசாவுக்கும் இரண்டு வருடமாக முட்டி வலி. அடுத்த வாரம் பற்றவைக்கும் ஏழு பெண்களும் பாட்டிலோடு டாக்டர் லோகப்பிரியாவின் வாசலில் நின்றார்கள். ஐந்து பேருக்குப் புரதம் ஒழுகியது. எல்லையைத் தாண்டியவர் ஒரே ஒருவர்தான். மற்ற நால்வரும் எல்லைக்குள் இருந்தபடியே கெட்டுக்கொண்டிருந்தார்கள்.

நஞ்சுண்டனுக்குக் கோபம் வந்தது. கொங்கு நாட்டு முதலாளிக்குக் கோபம் வந்தால் கூடுதலாக இரண்டு 'ங்க' போடுவார்.

"ஏனுங்க அம்மணி, ஒடம்புக்கு முடியலைன்னா ஊட்லயே இருந்துக்கலாமுங்களே. நாங்க வேண்டாம்னா சொல்லப்போறோமுங்க?"

இருதயம்மாளும் மரியாதை தெரிந்தவர்தான்.

"இருந்துக்கறோமுங்க. ஏழு பேருமே இருந்துக்கறோம். வைகாசி முகூர்த்தத்துக்கு டார்ச்ச நீங்களே புடிச்சுக்குங்க."

வைகாசிக்கு ஐந்து வாரம் இருந்தது. நஞ்சுண்டன் இரண்டு நாள் யோசித்து, அறிவியல் முறையில் இதைத் தீர்ப்பது என்று முடிவுக்கு வந்தார். அவரே டெஸ்ட் எடுத்துக்கொள்வார். ஆயுசில் டார்ச்சைத் தொட்டதில்லை, மாடியை விட்டு இறங்குவதும் அபூர்வம். அவர் உடம்பிலும் காட்மியம் இருந்தால், அது ஊர்க் காற்றின் குற்றம் என்று நிரூபணமாகிவிடும். இல்லாவிட்டால் பட்டறையின் காற்று சுத்தம் என்று நிரூபணமாகிவிடும். எப்படி விழுந்தாலும் அவருக்கே ஜெயம் என்கிற மாதிரியான சோதனை.

முடிவு நான்கு புள்ளி ஆறு. ஏழு பெண்களில் ஆறு பேரை அவர் தாண்டிவிட்டார். புரதமும் ஒழுகியது.

அடுத்த சனிக்கிழமை டாக்டரை நஞ்சுண்டனே காரில் பட்டறைக்கு அழைத்து வந்தார். லோகப்பிரியா மேசைகளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார், பிறகு சுவரில் சுழன்ற எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்து அது எங்கே போகிறது என்று கேட்டார். எல்லோரும் சந்துக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்னால், பக்கத்து வீட்டுக்காரர் புகை வருகிறது என்று சண்டை போட்டதால், குழாயை மேலே ஏற்றி விட்டிருந்தார்கள். அது மாடி அறையின் ஜன்னல் ஏசிக்கு இரண்டடி கீழே முடிந்தது. கீழே ஏழு பெண்கள் பிரித்துக்கொண்ட புகையில் மிச்சத்தை முதலாளி தனியொருவராக, குளிரூட்டி, சுவாசித்திருக்கிறார். அதற்கு மேல் தினம் ஒரு பாக்கெட் சிகரெட். புகையிலையிலும் காட்மியம் உண்டு என்று டாக்டர் சொன்னபோது, நஞ்சுண்டன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது... இப்பவும் லிமிட்டுக்குள்ளதானுங்களே டாக்டர்?" என்று கேட்டார். குரல் சன்னமாக இருந்தது.

இருபத்து மூன்று வருடத்தில் நடக்காதது ஒன்பதே நாளில் நடந்தது. டப்பா ஒழிந்தது. ஒவ்வொரு மேசைக்கும் மேலே புகையை உறிஞ்சி வடிகட்டும் கூண்டு வந்தது. கை கழுவத் தொட்டி, சாப்பிடத் தனி அறை. வருடத்துக்கொரு முறை எல்லோருக்கும் சரியான சோதனை. நகைத் தொழில் சங்கம் நஞ்சுண்டனுக்குப் பொன்னாடை போர்த்தி, தொழிலாளர் நலனில் முன்னோடி என்று கேடயம் கொடுத்தது. விழாவுக்கு ஏழு பெண்களும் போனார்கள். கேசரி நன்றாக இருந்ததாக ஹபீபுன்னிசா சொன்னார்.

இருதயம்மாள் டார்ச்சை விட்டுவிட்டார். இப்போது முடிந்த சங்கிலிகளைச் சரிபார்க்கும் மேசையில் இருக்கிறார். ரத்தசோகை தேறியிருக்கிறது. சிறுநீரகம் மோசமாகவில்லை, சரியாகவும் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பீளமேட்டுக்குப் போகிறார். அதே நாளில் நஞ்சுண்டனும் வருகிறார். சிகரெட்டை விட்டுவிட்டார், எரிச்சலை இன்னும் விடவில்லை. இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரிப்போர்ட்டை மாற்றிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

போன வருடம் இருதயம்மாளுக்கு ஒரு நினைப்பு வந்தது. அவருக்கு வேலை கற்றுக் கொடுத்த அங்கப்பன், முப்பது வருடம் டார்ச் பிடித்துவிட்டு, முதுகு கூனிக் காங்கேயத்துக்குப் போய்விட்டவர். பட்டறை மாறியதும் கேடயம் வந்ததும் அவருக்குத் தெரியாது. பஸ் ஏறிப் போனார். அங்கப்பன் கட்டிலில் சாய்ந்திருந்தார். எலும்புத் தேய்மானம் என்று சொல்லியிருக்கிறார்களாம். பத்து வருடமாகத் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தன் கைதான் தேய்ந்துவிட்டது என்றார் அவர் மனைவி சாமியாத்தாள். இருதயம்மாள் விஷயத்தை மெதுவாகச் சொன்னார்.

"அண்ணா, ஒருக்கா எங்கூட வாங்க. இது உங்க வயசு செஞ்சதில்லீங்க."

அங்கப்பன் வந்தார். அவருடைய சிறுநீரகத்தின் வேலைத்திறன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. டயாலிசிஸ் வரை போகாமல் தள்ளிப்போடலாம் என்று டாக்டர் மருந்து எழுதினார். அந்தச் செலவு பட்டறையுடையது என்று இருதயம்மாள் நஞ்சுண்டனிடம் போய்ச் சொன்னார். கேட்கவில்லை, சொன்னார். அவர் மறுப்பேதும் இல்லாமல் தலையாட்டினார்.

வேலையை விட்டுப் போனவர்கள் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரின் முகவரி கிடைத்துவிட்டது. அவர்களில் பவானியில் இருப்பவர் போன் எடுப்பதில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாம் என்று ஃபெமினாவிடம் சொல்லியிருக்கிறார்.